கோடு தேஞ்ச வெர்னியர்

கடையைத் திறந்து மூணு மாசம் ஆச்சு. ஆணி அதிகம்னு ஒரு வரியில சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆனா உண்மைக் காரணம் வேற. இந்த மூணு மாசத்துல பாதி நாள் கோயமுத்தூர்ல, அப்பாவோட பட்டறையில, ஒரு பழைய வெர்னியரைக் கையில வச்சுக்கிட்டு பல்குத்துற குச்சியால அழுக்கு நோண்டிக்கிட்டு இருந்தேன். நம்புங்க. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம். டீ ஒண்ணு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு இப்போ பெங்களூர்ல பொட்டி தட்டுற கோடானுகோடி பேர்ல நானும் ஒருத்தன். அப்பா கணபதியில சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கார். ஒரே ஒரு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். ஆள் அவர் மட்டும்தான். பம்புக்கு புஷ், ஷாப்ட், கிரைண்டருக்குச் சில்லறை சாமான்னு ஜாப் ஒர்க் பண்ணித்தான் என்னையும் தங்கச்சியையும் படிக்க வச்சார். அவர் இழுத்ததும் கோடு, நான் அடிக்கிறதும் கோடுன்னு காலேஜ்ல ஒரு கடி ஜோக் அடிச்சுட்டுத் திரிவேன். அது இவ்வளவு தூரம் வரும்னு அப்போ தெரியல.

ஒரு புதன்கிழமை ராத்திரி அம்மா போன் பண்ணினாங்க.

"கண்ணு, உங்கப்பா ரெண்டு நாளா சரியாச் சோறு திங்கறதில்ல. பட்டறைல என்னமோ ஆயிப்போச்சாட்ட இருக்குது. கேட்டா வள்ளுனு உளுகறாங்க. நீ வந்து என்னன்னு கேளு சாமி."

சனிக்கிழமை காலைல போய் இறங்கினேன். பட்டறை வாசல்ல ஒரு சாக்கு மூட்டை. உள்ள 60 கன்மெட்டல் புஷ். ஒரு பம்பு கம்பெனி திருப்பி அனுப்பினது. வெளிவிட்டம் 32.06 வரணும். பிரஸ்ல வச்சு அழுத்தினாத்தான் ஓட்டைக்குள்ள போய் இறுக்கமா உக்காரணும். வந்தது 32.00. கையால தள்ளினாலே உள்ள போயிடுது. 0.06 மில்லிமீட்டர். ஒரு தலைமுடி தடிமன்தான். ஆனா அந்த முடி தடிமன்லதான் புஷ் நிக்குறதும் சுத்துறதும் இருக்கு.

அப்பா மெஷின்ல இருந்து திரும்பாமயே சொன்னார். "வெர்னியர்ல கோடு தேஞ்சு போச்சுடா. நாப்பது வருசம் ஓட்டுனது. அது என்ன பண்ணும்."

மெக்கானிக்கல் மக்கள் யாராவது "மைக்ரோமீட்டர்ல பாக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. அப்பாகிட்ட இருக்கறது 0-25 மைக்ரோமீட்டர் மட்டும்தான். 25-க்கு மேல எல்லாமே வெர்னியர்தான். அவர் கைப்பக்குவத்துக்கு அது போதும்னு இத்தனை வருஷமும் ஓடிச்சு.

நான் என்ன பண்ணியிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். கையில காசு இருக்கற மகன் பண்றதைத்தான் பண்ணினேன். ஆன்லைன்ல ஒரு டிஜிட்டல் வெர்னியர் ஆர்டர் போட்டேன். வந்துச்சு. அப்பா நாலு நாள் வச்சுப் பார்த்தார். லேத்துல கூலண்ட் தண்ணி தெறிச்சு ஸ்கேல் மேல பட்டதும் நம்பர் தன்னிஷ்டத்துக்கு ஓட ஆரம்பிச்சிருக்கு. மலிவான டிஜிட்டல் வெர்னியர்ல இது நடக்கும். ஸ்கேலுக்கும் நகர்ற தலைக்கும் நடுவுல இருக்கற மின்தேக்குத் திறனை வச்சுத்தான் அது அளவைக் கணக்குப் போடுது. நடுவுல ஈரம் பூந்தா கணக்கு காலி. டப்பாவுல போட்டு பீரோவுல வச்சுட்டார்.

"அது சொல்றதை நான் கேக்கணுமாம். நான் பாத்துச் சொல்லோணும். அதான்டா அளவு."

சரி, பழசையே சரி பண்ணிடலாம்னு இறங்கினேன். ரெண்டு வாரம் வீட்டுல இருந்தே வேலைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு ஊர்லயே உக்காந்துட்டேன்.

முதல் பலி

நல்லவேளை, நேரா வெர்னியர்ல கை வைக்கல. பட்டறைச் சுவத்துல ஆணியில தொங்கிட்டு இருந்த ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல்ல ஆரம்பிச்சேன். துருப்பிடிச்சு, நம்பர் எதுவும் தெரியாம, காபித்தூள் கலர்ல இருந்துச்சு. துருன்னா என்ன பண்ணணும்? தேய்க்கணும். உப்புத்தாள் எடுத்தேன். 120 நம்பர். பரபரன்னு அரை மணி நேரம் தேய்ச்சேன். சும்மா சொல்லக்கூடாது, பளபளன்னு வந்துச்சு. முகம் பார்த்து தலை சீவலாம்.

முகம் மட்டும்தான் தெரிஞ்சுச்சு. கோடு ஒண்ணு கூட இல்ல. 4-லிருந்து 9 வரைக்கும் நம்பர் மொத்தமா காணோம். அவ்வ்வ்.

அப்பா வாங்கிப் பார்த்தார். ரெண்டு பக்கமும் திருப்பினார். "நல்லா இருக்குது. உங்கம்மாட்டக் குடு, தோசை திருப்பிக்கட்டும்"னார். அந்த ஸ்கேல்ல ஒரு மூலையில அவர் பேரோட முதல் எழுத்தைக் குத்தி வச்சிருந்தார். வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கினதாம். அந்த எழுத்தும் போயிடுச்சு. அதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லல. நான்தான் ராத்திரி பூரா புரண்டு படுத்தேன்.

அப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். கோடு ஏன் தெரியாமப் போகுது?

அந்தக் கோடு பெயிண்டு இல்ல. வெட்டினது. இரும்புல மெல்லிசா, முடி அகலத்துக்கு ஒரு பள்ளம். அதுக்குள்ள கறுப்பு நிரப்பியிருப்பாங்க. பக்கத்துல இரும்பு வெளுப்பா இருக்கும், பள்ளம் கறுப்பா இருக்கும். அந்த வித்தியாசத்தைத்தான் கண்ணு கோடுன்னு படிக்குது. ஊர்ல வக்கீல், டாக்டர் வீட்டு வாசல்ல இருக்குமே பித்தளைப் பெயர்ப்பலகை, அதே சமாச்சாரம்.

கோடு "அழியுறது"ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, பள்ளம் அப்படியே இருக்கும். உள்ள இருந்த கறுப்பு போயிருக்கும், இல்லாட்டி மேற்பரப்பும் துருவுல கறுத்து பள்ளத்தோட ஒண்ணாக் கலந்திருக்கும். இதைச் சரி பண்ணிடலாம். இன்னொண்ணு, மேற்பரப்பே தேஞ்சு பள்ளத்தோட அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். இதுக்கு வைத்தியம் கிடையாது. நான் அந்த ஸ்கேலை முதல் வகையிலிருந்து ரெண்டாம் வகைக்கு அரை மணி நேரத்துல புரமோஷன் குடுத்து அனுப்பிட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி

வெர்னியர் வந்து உக்காந்தப்புறம்தான் அதை முதன்முதலா ஒழுங்காப் பார்த்தேன். செமஸ்டர் லேப்ல ரீடிங் எடுத்ததெல்லாம் பக்கத்து டேபிள் பார்த்து காப்பி அடிச்சது. ஹிஹி.

வெர்னியர்ங்கறது ஒரு ஆளோட பேரு. பியர் வெர்னியர், பிரான்ஸ்காரர். 1631-ல இந்த யோசனையை எழுதி வெளியிட்டார். அவருக்கு முன்னாடியே 1542-ல போர்ச்சுகல்காரர் பெட்ரோ நூனிஷ் இதே மாதிரி, ஆனா பயன்படுத்தக் கஷ்டமான ஒரு முறையைச் சொல்லியிருந்தார். வெர்னியர் பண்ணினது ரொம்ப எளிமை. பெரிய ஸ்கேல் பக்கத்துல நகர்ற ஒரு குட்டி ஸ்கேல், அவ்வளவுதான்.

அப்பாவோட வெர்னியர்ல அந்தக் குட்டி ஸ்கேல்ல 50 கட்டம். அந்த 50 கட்டமும் சேர்ந்து பெரிய ஸ்கேல்ல 49 மில்லிமீட்டர்தான். அப்போ ஒரு கட்டம் 0.98. பெரிய கட்டத்துக்கும் சின்ன கட்டத்துக்கும் வித்தியாசம் 0.02. எந்தச் சின்னக் கோடு எந்தப் பெரிய கோட்டோட நேர்கோட்டுல நிக்குதுன்னு கண்டுபிடிச்சா போதும். மூணாவது கோடு நின்னா 0.06. இருபத்து மூணாவது கோடு நின்னா 0.46. பேட்டரி இல்லாம, பல்சக்கரம் இல்லாம, வெறும் கோட்டை வச்சு மில்லிமீட்டரை அம்பதாப் பிரிக்கிறான் மனுஷன். மேல் பக்கம் இன்ச். அங்க ஒரு இன்ச்சை 40 ஆப் பிரிச்சு, அதை மறுபடி 25 ஆப் பிரிச்சு, ஆயிரத்துல ஒரு இன்ச் காட்டும். பட்டறையில அதைத்தான் "ஒரு தௌ"ன்னு சொல்வாங்க.

இவ்வளவு சின்னக் கோட்டை ஒரே இடைவெளியில வெட்டுறதே பெரிய வித்தை. கையால அளந்து அளந்து வெட்டிட்டு இருந்த காலத்துல, ஜெஸ்ஸி ராம்ஸ்டென்ங்கறவர் இங்கிலாந்துல வட்ட அளவுகளைப் பிரிச்சு வெட்டவே ஒரு இயந்திரம் செஞ்சார். 1777-ல அதோட விவரம் புத்தகமா வந்துச்சு. அதுக்காக அரசாங்கத்துப் பக்கமிருந்து அவருக்குப் பணமும் குடுத்தாங்க. கடல்ல கப்பல் எங்க இருக்குன்னு கணக்குப் போடற கருவிக்கு அந்தக் கோடு அவ்வளவு முக்கியம்.

அப்பாவோட வெர்னியர் அவர் சொந்தமா வாங்கினது இல்ல. அவருக்குத் தொழில் கத்துக்குடுத்த மேஸ்திரி குடுத்தது. முலாம் இல்லாத வெறும் இரும்பு. கம்பெனி பேர் இருந்த இடத்துல கட்டைவிரல் பட்டுப் பட்டு வழவழன்னு ஆகியிருக்கு. மேஸ்திரி விரலா அப்பா விரலான்னு தெரியல.

இனி வேலை

நான் செஞ்சதை வரிசையாச் சொல்றேன். யார் வீட்டுலயாவது தாத்தாவோட ஸ்கேல், மூலைமட்டம், வெர்னியர் கிடந்தா உதவும்.

முதல்ல வினிகர் வேண்டாம்னு முடிவு பண்ணினேன். இணையத்துல முக்காவாசி பேர் வினிகர்ல ஊறவைக்கச் சொல்றாங்க. கடப்பாரை, கதவுக் கொண்டிக்கு அது சரி. அமிலம் துருவைக் கரைக்கும். ஆனா துரு முடிஞ்சதும் நிறுத்திக்கணும்னு அதுக்குத் தெரியாது. இரும்பையும் தின்னும். அளக்குற தாடை ரெண்டும் கண்ணாடி மாதிரி சமமா இருக்கணும். அங்க ரெண்டு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தின்னுட்டாலே ஒரு கோடு பொய் சொல்லும். கோடு பளிச்சுன்னு தெரியும், ஆனா தப்பான அளவைக் காட்டும். அதுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

அதனால டீசல். ஒரு தட்டுல டீசல் ஊத்தி, நகர்ற தலையைக் கழட்டி எல்லாத்தையும் ரெண்டு நாள் ஊறப்போட்டேன். கழட்டும்போது உள்ள ஒரு மெல்லிசான பட்டை ஸ்பிரிங் இருக்கும், அது தெறிச்சு ஓடும். எனக்கு ஓடிச்சு. லேத்துக்கு அடியில சுருள் சுருளாக் கிடந்த இரும்புச் சீவலுக்குள்ள காந்தம் வச்சுத் தேடினா, காந்தத்துல பட்டறை மொத்தமும் ஒட்டிக்கிட்டு வருது! கடைசில கையால துழாவித்தான் எடுத்தேன். ரெண்டு விரல்ல ரத்தம்.

ஊறினப்புறம் பழைய டூத் பிரஷ். அதுக்கப்புறமும் பள்ளத்துல ஒட்டியிருந்த கிரீஸ் கசடை மூங்கில் குச்சியால நோண்டினேன். ஊசி ஆகாது, அது புதுக்கோடு போட்டுடும். 50 சின்னக் கோடு, 150 பெரிய கோடு, மேல இன்ச் கோடு தனி. ஒரு நாளைக்கு 3 சென்டிமீட்டர்தான் முடியும். மேற்பரப்புத் துருவுக்கு ரொம்ப நைசான ஸ்டீல் உல், எண்ணெய் தொட்டு, தடவிக்குடுக்கற மாதிரி. அழுத்தக்கூடாது. தாடைப் பக்கம் போகவே கூடாது.

பளபளப்பு வந்தா நிறுத்திடணும். இதை ஸ்கேல்ல கத்துக்கிட்டேன். நல்ல வெர்னியர்ல மேற்பரப்பு மங்கலா, பட்டு மாதிரி வச்சிருப்பாங்க. வெளிச்சம் பட்டுக் கண்ணை அடிச்சா கோடு தெரியாது.

அடுத்தது பெயிண்டு. முதல்ல தின்னர் தொட்டு எண்ணெய்ப் பசையை மொத்தமா எடுத்தேன். பசை இருந்தா பெயிண்டு பள்ளத்துல பிடிக்காது. அப்புறம் சின்ன டப்பா கறுப்பு எனாமல் பெயிண்டு. இங்கதான் எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. கோட்டுல பெயிண்டு அடிக்கறது இல்ல வேலை. மொத்தமா அடிச்சுடணும். கோடு, மேடு, நம்பர் எல்லாத்து மேலயும் தாராளமாத் தடவி, விரலால பள்ளத்துக்குள்ள அழுத்தித் தேய்க்கணும். ரெண்டு மூணு நிமிஷம் விட்டுட்டு, மேல இருக்கறதை மட்டும் வழிச்சு எடுக்கணும்.

எதால வழிக்கறதுங்கறதுலதான் சூட்சுமம். முதல் தடவை பனியன் வேஸ்ட்டால துடைச்சேன். மெத்துன்னு இருக்கற துணி பள்ளத்துக்குள்ளயும் இறங்கி பெயிண்டை உறிஞ்சிட்டு வந்துடுச்சு. தின்னர் போட்டு எல்லாத்தையும் அழிச்சு மறுபடி முதல்ல இருந்து. ரெண்டாவது தடவை, காலாவதியான ஏடிஎம் கார்டு மேல துணியை இறுக்கமாச் சுத்தி, கோட்டுக்குக் குறுக்கால ஒரே இழுப்பு. கோட்டோட போக்குல இழுத்தா பெயிண்டு உருவிட்டு வந்துடும். குறுக்கால இழுக்க இழுக்க, கரேல்னு இருந்த பட்டையிலிருந்து ஒவ்வொண்ணா கோடு எழுந்து வருது. 7, 8, 9. அப்புறம் ஒரு நீளக் கோடு. பத்து.

சத்தியமாச் சொல்றேன், எழுதின புரோகிராம் முதல் தடவையிலேயே ஓடினப்போ கூட இவ்வளவு சந்தோஷம் வந்ததில்ல.

ஒரு நாள் காய விட்டேன். மேல மிச்சமிருந்த மங்கலை, தட்டையான ரப்பர் மேல மெட்டல் பாலீஷ் தொட்டு லேசா எடுத்தேன். இன்ச் பக்கத்துக்கு மட்டும் சிவப்பு. அது என் சொந்தக் கற்பனை :)

அப்பா பார்த்தார்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். வெர்னியரைத் துணியில சுத்தி அவர் கையில குடுத்தேன். பிரிச்சார். கட்டைவிரலை அந்த வழவழப்புல வச்சு தலையை ரெண்டு தடவை முன்னாடி பின்னாடி ஓட்டினார். தாடையை மூடி டியூப் லைட்டுக்கு நேராப் பிடிச்சார். இடுக்குல வெளிச்சம் வரல. தலையாட்டினார்.

அலமாரியிலிருந்து ஒரு புது பேரிங் டப்பாவை எடுத்தார். 6204. பட்டறைக்காரங்களுக்கு இதைவிட மலிவான அளவுகோல் கிடையாது. உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14. மைக்ரான் கணக்குல செஞ்சது. தாடைக்குள்ள வச்சு, லேசா ஆட்டி உக்கார வச்சு, வெளிச்சத்துல திருப்பினார். கண்ணாடியை ஏத்தினார், இறக்கினார்.

"நாப்பத்தேழு. சுத்தமா இருக்குது"னார்.

எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. அந்தச் சந்தோஷத்துல சும்மா விளையாட்டா ஸ்கிராப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ராடு எடுத்துக் குடுத்தேன். "இது எவ்வளவுங்ப்பா?"

பிடிச்சார். திருப்பினார். வாசல் பக்கம் நகர்ந்து போய் நின்னார். ரொம்ப நேரம் பார்த்தார். "பதினெட்டு... பதினெட்டு முப்பது."

வாங்கிப் பார்த்தேன். கோடெல்லாம் கறுகறுன்னு நிக்குது. 18.46. எட்டு கோடு தள்ளி.

மறுபடி பார்த்தேன். 18.46-தான்.

அப்போதான் உறைச்சது. 6204-ன்னா 47-னு அவருக்கு மனப்பாடம். அதைப் பார்த்துச் சொல்லல. தெரிஞ்சு சொன்னார்.

"எவ்வளவுடா?"ன்னார். "சரிதாங்ப்பா"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வாசல்ல அந்த சாக்கு மூட்டை இன்னும் இருந்துச்சு. "பதினெட்டு நாப்பத்தாறுங்ப்பா"ன்னேன்.

அப்பா ஒண்ணும் பேசல. வெர்னியரைத் துணியில சுத்தி மேஜை மேல வச்சார். லேத் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "லைட்டைச் சுத்திப் பூப்பூவாத் தெரியுதுடா. ஒன்னரை வருசமா"ன்னார்.

"ஏங்ப்பா சொல்லல?"

"லேத்துக்காரனுக்குக் கண்ணு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா எவன்டா வேலை குடுப்பான்? வெர்னியர் தேஞ்சு போச்சுன்னா வெர்னியரைத்தான் மாத்தச் சொல்லுவாங்க."

ஒன்னரை வருஷமா அவருக்கு ஒரு சாக்கு இருந்திருக்கு. அதை நான் பல்குத்துற குச்சி வச்சு, ரெண்டு வாரம் கஷ்டப்பட்டு, கோடு கோடா நோண்டி எடுத்துட்டேன்.

எனக்கு உறுத்தினது வேற. ரெண்டு வாரம் கூடவே இருந்தேன். கண்ணாடியை ஏத்தி இறக்கறதைப் பார்த்தேன். சாயங்காலம் பைக் எடுக்காம நடந்தே வீட்டுக்கு வர்றதைப் பார்த்தேன். டிவியில கீழ ஓடற எழுத்தை அம்மாவை வாசிக்கச் சொல்றதையும் பார்த்தேன். கோடு தேஞ்சு போச்சுன்னு அவர் சொன்னதும் உடனே நம்பினேன். ஏன்னா அது நான் சரி பண்ணக்கூடிய விஷயம்.

அதுக்கப்புறம்

கண் ஆஸ்பத்திரியில பார்த்ததுல ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணு மோசம். புரை இருக்கறவங்களுக்கு வெளிச்சம் கண்ணுக்குள்ள சிதறும், பளபளக்கற பொருளைப் பார்த்தா ரொம்பவே கூசும்னு அந்த டாக்டர் சொன்னாங்க. என் பளபள ஸ்கேல் ஞாபகம் வந்துச்சு.

இதைத் தேடிப் படிக்கும்போது ஒரு விஷயம் தெரிஞ்சுகிட்டேன். ரெண்டு கோடு ஒரே நேர்ல இருக்கா, துளி விலகியிருக்கான்னு கண்டுபிடிக்கறதுல நம்ம கண்ணுக்குத் தனித் திறமை உண்டாம். எழுத்து படிக்கற கூர்மையை விடப் பல மடங்கு நுணுக்கமா இதைப் பிடிச்சுடுமாம். அதுக்கு வெர்னியர் கூர்மைன்னே பேர். 1631-ல அந்த மனுஷன் செஞ்ச கருவி இத்தனை நாள் ஓடறது கண்ணோட இந்தத் திறமையாலதான். அப்பா நாப்பது வருஷம் சோறு போட்டதும் இதை வச்சுத்தான். "நான் பாத்துச் சொல்லோணும், அதான்டா அளவு"ன்னு அவர் சொன்னது வெறும் வீம்பு இல்ல.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு. அரை மணி நேரம் கூட ஆகல. மங்கின லென்ஸை எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வச்சுட்டாங்க. தூரப்பார்வைக்கான லென்ஸ்ங்கறதால கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேணும். ஒரு மாசத்துக்கும் மேல பட்டறைப் பக்கமே விடல. தூசு, இரும்புப்பொடி ஆகாது. அந்த ஒரு மாசம் வீட்டுல அவரை வச்சுச் சமாளிச்சதுக்கு அம்மாவுக்குத்தான் விருது குடுக்கணும். இடது கண்ணுக்கு அடுத்த மாசம்.

அந்த பம்பு கம்பெனி திரும்ப வேலை குடுக்கல. 60 புஷ்ஷும் ஸ்கிராப் விலைக்குப் போச்சு. வேற ரெண்டு இடத்துலேர்ந்து சின்னச் சின்ன ஆர்டர் வருது. முன்ன மாதிரி இல்ல. ஓடுது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பட்டறையில புதுசா, லென்ஸ் வச்ச ஒரு டேபிள் லைட். அதுக்குக் கீழ வெர்னியரைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"இங்க வா. 83-க்கு அடுத்த கோடு பாரு. பெயிண்டே ஏறல. இதைப் பாக்கலியா நீ?"

வாங்கிப் பார்த்தேன். ஒண்ணும் தெரியல. லென்ஸுக்குக் கீழ வச்சுப் பார்த்தேன். உண்மைதான். 84-ல பாதிக்கோடு வெறும் இரும்பா இருந்துச்சு.

"பொட்டி தட்டித் தட்டி உன்ற கண்ணும் போச்சாட்ட"ன்னு சொல்லிட்டு, ராடை லேத்துல மாட்டினார்.

பி.கு. 1: பெயிண்டு வேலையெல்லாம் ஆகாதுங்கறவங்க கறுப்பு மெழுகு கிரேயானைக் கோட்டு மேல குறுக்கும் நெடுக்குமாத் தேய்ச்சு, தடிமன் காகிதத்தால வழிச்சுப் பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. எண்ணெய் பட்டா போயிடும், ஆனா கோட்டுல உயிர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

பி.கு. 2: அந்த ஒரு அடி ஸ்கேல் வீட்டுச் சமையலறையில நிஜமாவே தோசை திருப்பிட்டு இருக்கு.

பி.கு. 3: உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது "பேப்பர்ல இப்பல்லாம் எழுத்தைச் சின்னதாப் போடறான்"னு சொன்னா, பேப்பர்காரனைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க மக்களே.